ஹோம்ஸ்கூலிங் ஆரம்பித்தால், பிறகு பள்ளிக்கே திரும்ப அனுப்ப முடியுமா?

நிலாமுற்றம் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். மகன் சந்தோஷமாகப் போய் வருகிறான், அவனைப் பற்றிக் கவலை இல்லை. மகள்தான். வாசிப்பதில் மற்றவர்களைவிட மெதுவாக இருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் புரிந்துகொள்கிறாள், ஒரு கதை சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள், கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள், ஆனால் வகுப்பில் அவள் ஒரு பத்தியை முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. சத்தமாக வாசித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று இப்போது வாயே திறப்பதில்லையாம். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் செய்வார்.

இரண்டு அல்லது மூன்று வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்து, அவளுக்கு வாசிப்பும் தைரியமும் வந்த பிறகு, ஆறாம் வகுப்பு வாக்கில் திரும்பப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பள்ளிப்படிப்பு முழுவதையும் வீட்டிலேயே முடிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. நான் வீட்டிலிருந்து பாதி நேர வேலை பார்க்கிறேன், மதியத்துக்குமேல் எனக்கு நேரம் உண்டு. கணவர் எதிர்க்கவில்லை, ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "சரிப்பட்டு வரவில்லை என்றால் பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? ஒரு வகுப்பு கீழே போட்டுவிட்டால் பிள்ளை என்ன ஆவாள்?"

திரும்பச் சேர்க்கும்போது என்ன கேட்பார்கள், சிலபஸை அப்படியே பின்பற்ற வேண்டுமா, சின்னவனையும் சேர்த்தே நிறுத்த வேண்டுமா, இதெல்லாம் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

—

வேப்பமரம்:

முதலில் சட்டம், மற்றதெல்லாம் அப்புறம். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன், ஆனால் இதில் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதியே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது, 2019 ஜனவரியில் தீர்ப்பு ஜெர்மனிக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஸ்வீடனில் விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும். பிரான்சில் முன்பு தகவல் கொடுத்தால் போதும் என்று இருந்தது, 2021 சட்டத்துக்குப் பிறகு, 2022 கல்வியாண்டிலிருந்து, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செய்யலாம், ஆனால் டெக்சஸில் மாநில அரசுக்குத் தகவல்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, நியூயார்க்கிலோ பாடத்திட்டம் எழுதித் தர வேண்டும், காலாண்டு அறிக்கை தர வேண்டும், வருடத்துக்கு ஒரு மதிப்பீடும் உண்டு. இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை, அது பள்ளியிலும் இருக்கலாம், வேறு வழியிலும் இருக்கலாம். சாதாரணப் பள்ளியானால் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்துப் பெயரை எடுக்கலாம், சிறப்புப் பள்ளியானால் உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும்.

இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்வி என்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை பள்ளியில் சேராமலோ இடையில் நின்றோ இருந்தால், 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். எனவே நான்காம் வகுப்பில் நிறுத்திய பிள்ளையை மூன்று வருடம் கழித்தும் நான்கிலேயே உட்கார வைப்பார்களோ என்ற பயம் வேண்டாம்.

எந்த நாடாக இருந்தாலும் ஒன்றைச் செய்யாதீர்கள். நாளையிலிருந்து அனுப்பப் போவதில்லை என்று சும்மா நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக் கணக்கில் அது வராத நாள்தான், நோட்டீஸ் வரும், வீட்டுக்கு ஆள் வருவார்கள், பிறகு திரும்பச் சேர்க்கப் போகும்போதும் அந்தப் பதிவு கண்ணில் படும். எழுத்தில் சொல்லி, தேதி போட்டு, பள்ளி பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ், கடைசி மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய நிலவரத்தை உங்கள் கல்வித் துறையின் தளத்திலேயே பாருங்கள், யாரோ எப்போதோ எழுதியதை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

—

ஆற்றோரம்:

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே வீட்டில் படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்குத் திரும்பியவர்கள், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் எங்களுக்கும் பெரிய பயமாக இருந்தது. சேர்ப்பது சுலபமாகவே முடிந்துவிட்டது. பழைய பள்ளியில் இடம் நிரம்பிவிட்டதால் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளியில் இடம் உண்டு என்றால் அதே பள்ளியில், அதே வகுப்பில், அதே தோழியின் பக்கத்தில் என்று அர்த்தமில்லை. பெயரை எடுத்த அன்றே அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

பாடத்தில் பெரியவள் பின்தங்கவில்லை. சிரமம் வந்தது நாங்கள் நினைக்காத இடத்தில். மனக்கணக்காகவே போட்டுப் பழகியவள், கேள்வியைப் படித்ததும் விடையை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். முதல் தேர்வுத்தாள் வந்தபோது பார்த்தால் எல்லா விடையும் சரி, ஆனால் பாதி மதிப்பெண்கூட இல்லை, ஓரத்தில் சிவப்பு மையில் "வழிமுறை எங்கே?" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. "விடை சரிதானே அம்மா, அப்புறம் ஏன்?" என்று அவள் அழுத அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தது கை வேகம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது தனி வித்தை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டும், ஒரு வரியை மனதில் வாங்க வேண்டும், குனிந்து எழுத வேண்டும், மறுபடி நிமிரும்போது விட்ட இடத்தைக் கண் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் புத்தகம் பக்கத்திலேயே இருக்கும், யாரும் அழிக்கவும் மாட்டார்கள், அதனால் அந்தப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

அதனால் திரும்ப அனுப்பும் எண்ணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, சேர்ப்பதற்கு முந்தைய கடைசி ஆறு மாதத்தைப் பாடத்துக்காகச் செலவழிக்காமல் இந்தப் பழக்கங்களுக்காகச் செலவழியுங்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் கடிகாரத்தை வைத்து ஒரு தாள் எழுதட்டும், கணக்கில் ஒவ்வொரு படியும் எழுதட்டும். அவளுக்குப் போரடிக்கும். எதற்காக என்று உண்மையைச் சொல்லிவிட்டால் செய்வாள்.

நட்பு விஷயத்தில் எல்லோரும் பயமுறுத்துவார்கள். எங்கள் சின்னவனுக்கு ஒரே வாரத்தில் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். பெரியவளுக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது, இடைவேளைச் சத்தமே அவளுக்குத் தாங்கவில்லை. அது வீட்டுக்கல்வியால் வந்ததா, அவள் சுபாவமா என்று கேட்டால், அவள் ஒன்றாம் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தாள்.

—

கரும்பலகை:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை வகுப்பில் வாங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நன்றாகப் பேசுகிறாள், கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள், ஆனால் வாசிப்பு மட்டும் வரவில்லை, நான்காம் வகுப்பு. இந்த வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது டிஸ்லெக்ஸியாவாக, அதாவது அறிவுக்குக் குறைவில்லாமல் எழுத்தை வாசிப்பதில் மட்டும் வரும் சிரமமாக, இருக்குமோ என்பதுதான். இருக்கிறது என்று சொல்லவில்லை, பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கண்பார்வை, காது இரண்டையும்கூடச் சோதித்துவிடுங்கள். ஆனால் பெயரை எடுப்பதற்கு முன்னாலேயே பள்ளியிடம் வாசிப்பு மதிப்பீடு கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் அரசுப் பள்ளியில் அந்த மதிப்பீட்டை இலவசமாகச் செய்து தர வேண்டும், தேவைப்பட்டால் சிறப்பு ஆசிரியர் உதவியும் உண்டு. பள்ளியை விட்டு வெளியே வந்ததும் பல இடங்களில் அந்த உதவி குறைந்துவிடும் அல்லது நின்றே போய்விடும், பிறகு உங்கள் கைக்காசுதான். மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதும் தெளிவாகிவிடும், ஏனென்றால் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு நிறைய புத்தகம் வாங்கிக் கொடுத்து வாசி வாசி என்றால் வாசிப்பு வந்துவிடாது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, நேரடியாக, திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டும் முறை வேண்டும். அதை ஒரு பிள்ளையோடு ஒருவர் உட்கார்ந்து தினமும் செய்தால் நல்ல பலன் தெரியும், அதற்கு வீடு வகுப்பறையைவிட ஏற்ற இடம் என்பதை ஆசிரியையாகவே ஒப்புக்கொள்கிறேன். திரும்பப் பள்ளிக்கு வரும்போதும் அந்த அறிக்கை இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளை முதல் நாளிலிருந்தே கேட்கலாம்.

இனி உங்கள் கேள்வி. திரும்பி வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வாசிப்பிலும் கணக்கிலும் ஒரு சின்னத் தேர்வு வைப்போம். அது பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று நாங்கள் தெரிந்துகொள்ளத்தான். வரலாறு, அறிவியலில் எதைப் படித்தாள், எதை விட்டாள் என்பது தொடக்க வகுப்புகளில் பெரிய விஷயமில்லை, அந்தப் பாடங்கள் மேல் வகுப்புகளில் மறுபடி வரும். கணக்கு அப்படியல்ல. பின்னம் புரியாமல் சதவீதம் வராது, சதவீதமும் விகிதமும் இல்லாமல் இயற்கணிதத்தில் தடுமாறுவாள். ஆகவே மற்ற பாடங்களில் உங்கள் விருப்பப்படி போங்கள், கணக்கில் மட்டும் பள்ளிப் புத்தகத்தின் வரிசையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது திரும்புவது என்பதில் நீங்கள் சொன்ன ஆறாம் வகுப்பு நல்ல இடம். பல ஊர்களில் அப்போதுதான் பள்ளியே மாறும், எல்லாப் பிள்ளைகளுமே புது முகம், யாரும் இவளைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். தவிர்க்க வேண்டியது மேல்நிலையில், பொதுத்தேர்வுக்கு நடுவில் வந்து சேர்வது. இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்ற, 16 வயது வாக்கில் எழுதும் பொதுத்தேர்வுக்கான பாடங்கள் பெரும்பாலும் இரண்டு வருடத் தொடர், இரண்டாவது வருடத்தில் நுழைவது மிகவும் கடினம். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கிரெடிட் கணக்கு, அதாவது பள்ளிப்படிப்பை முடிக்க ஒவ்வொரு பாடத்திலும் சேர்க்க வேண்டிய புள்ளிகள், தொடங்கிவிடும், வீட்டில் படித்ததைக் கிரெடிட்டாக ஏற்பதா வேண்டாமா என்று பல இடங்களில் அந்தந்தப் பள்ளி நிர்வாகமே முடிவு செய்யும். இந்தியாவில் அப்படி ஒரு நிலை வந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியதில்லை.

—

தனிவழி:

மற்றவர்கள் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆரம்பத்திலிருந்தே திரும்பப் போவதற்காகவே படிப்பு என்று நடத்தினால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் ஆகிவிடும். வீட்டுக்குள்ளேயே மணி, பீரியட், ஹோம்வொர்க் என்று இன்னொரு பள்ளியை நடத்தி, இரண்டு மாதத்தில் அம்மாவும் பிள்ளையும் களைத்துப்போய் நிற்பதைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு முதலில் தேவை கொஞ்சம் மூச்சுவிட நேரம். முதல் சில வாரங்களுக்குப் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு வரி அவள். தப்பாக வாசித்தால் உடனே திருத்தாதீர்கள், வரி முடியட்டும்.

நேரத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். பள்ளியில் ஆறேழு மணி நேரம் என்பது வருகைப் பதிவு, வரிசையில் நிற்பது, மற்றவர்கள் முடிக்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கவனமாகச் சொல்லிக்கொடுத்தால் அந்த நாளுக்குப் போதும், உங்கள் மதிய நேரம் அதற்குத் தாராளம். ஆனால் காலையில் நீங்கள் வேலை பார்க்கும்போது அவள் யாரோடு, என்ன செய்வாள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அதை யோசிக்காமல் ஆரம்பித்தவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள்.

திரும்பிப் போவது ஏதோ தோல்வி என்று நினைக்காதீர்கள். கொரோனா காலத்தில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை எடுத்த ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக்கல்வி செய்பவை 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்து அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதமாக ஆனது, பள்ளி நடத்திய ஆன்லைன் வகுப்புகளைச் சேர்க்காமலேயே. அவர்களில் நிறைய பேர் பிறகு பிள்ளைகளைத் திரும்ப அனுப்பிவிட்டார்கள். போவதும் வருவதும் பள்ளிகளுக்கு இப்போது புதிதில்லை.

—

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கரும்பலகை டீச்சர், நீங்கள் எழுதியதை நானும் கணவரும் சேர்ந்து படித்தோம். மதிப்பீட்டைப் பற்றி எங்களுக்கு யாருமே சொன்னதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். பதிவு வைத்துக்கொள்வது என்கிறார்களே, அதில் என்ன எழுத வேண்டும்? சின்னவனை என்ன செய்வது? அக்கா வீட்டில் இருந்தால் நானும் இருப்பேன் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டான்.

—

ஆற்றோரம்:

பதிவை ரொம்பப் பெரிதாக்காதீர்கள். நான் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தேன். அன்றைய தேதி, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம், என்ன கணக்கு, எது புரியவில்லை, நாலே வரி. "பின்னம் கூட்டல், கீழ் எண் வேறாக இருந்தால் இன்னும் குழப்பம்" என்கிற மாதிரி. மாதக் கடைசியில் அவளே எழுதிய ஒரு பக்கத்தையும் ஒரு கணக்குத் தாளையும் தேதி போட்டு உறையில் வைத்துவிடுவேன், நன்றாக எழுதியதை மட்டும் பொறுக்காமல் சாதாரணமாக எழுதியதையே. பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகள் எல்லாமே கணக்கைப் பற்றித்தான். வாசிப்புக்கு நீங்கள் இன்னொன்று செய்யலாம், அவள் வாசிப்பதை மாதம் ஒருமுறை போனில் பதிவு செய்து வையுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் காதாலேயே கேட்கலாம், வேறு சாட்சி வேண்டாம்.

—

கரும்பலகை:

சின்னவன் சந்தோஷமாகப் போகிறான் என்றால் போகட்டும். ஒரு பிள்ளைக்குத் தேவை என்பதால் இன்னொரு பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை, ஒன்றாம் வகுப்பில்தான் எழுத்தும் எண்ணும் அடித்தளம் போடுகிறார்கள், அதை இப்போது கலைக்க வேண்டாம். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அக்கா வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கவில்லை, அவளுக்கும் பாடம் உண்டு. ஒரு விடுமுறை நாளில் அவள் பாட நேரத்தில் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவான்.

மகளிடமும் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் உங்கள் எண்ணம் இருக்கிறது, கணவரின் கேள்வி இருக்கிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்று எங்கேயும் இல்லை. வகுப்பில் அவளுக்குப் பிடித்த ஒரு தோழி இருக்கலாம், ஓவிய வகுப்பு இருக்கலாம். வீட்டில் படிக்க ஆசை என்று அவளே சொன்னாலும், அந்தத் தோழியை வாரம் ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு நிறுத்துங்கள். மதிப்பீட்டுக் கோரிக்கையை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். முடிவு வரக் கொஞ்சம் காலம் ஆகும், அதுவரை பெயரை எடுக்க வேண்டாம். அறிக்கை வந்ததும் அதில் புரியாதது இருந்தால் இங்கேயே கேளுங்கள், என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.